பத்து நிமிட ஆட்டமும், பாதியில் எழுந்து வராத பிள்ளையும்!



சில வாரங்களுக்கு முன், இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் படித்தேன். பத்தாவது படிக்கும் அவருடைய மகன், ராத்திரி பகல் பாராமல் மொபைல் போனில் கேம் விளையாடுகிறானாம். சொல்லிச் சொல்லிப் பார்த்து, பொறுமை இழந்து, ஒரு நாள் போனைப் பிடுங்கி, அம்மிக் குழவியால் ஒரே போடு போட்டு உடைத்து விட்டாராம். 'அன்றோடு சனியன் ஒழிந்தது' என்று முடித்திருந்தார்.

எங்கள் தெருப் பெண்கள் அதைப் படித்து, 'சபாஷ்' என்றனர். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. பள்ளியில் இருந்து வீட்டுப்பாடம் வாட்ஸ் ஆப்பில் தான் வருகிறது. காஸ், வங்கி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி., அந்தப் போனுக்குத் தான் வருகிறது. இரண்டே மாதத்தில் இன்னொரு போன் வாங்கித் தான் ஆக வேண்டும். அதற்குள்ளும் அதே கேம் வந்து உட்காராதா?

நான், மரக்காணத்தைச் சேர்ந்தவள், வயது, 36. பத்தாவது வரை படித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர், உப்பு லாரிக்கு எடை போடும் இடத்தில் கணக்கு எழுதுகிறார். மகன் எட்டாம் வகுப்பு; மகள் ஐந்தாம் வகுப்பு. என் மாமியார், 30 வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தவர். எங்கள் தெருவில் பத்து வீட்டில் ஆறு வீட்டுக்குச் சோறு போடுவது உப்பு தான். அதனால், எங்கள் ஊர்க் கதையைச் சொன்னால் தான், இந்த வீடியோ கேம் விஷயமும் புரியும்.

உப்பு வாரும் வேலை, வெயில் ஏறும் முன் முடிய வேண்டும். பொழுது விடிந்த பின் போனால், வெள்ளை வெளேரென்று இருக்கும் பாத்தியில் வெயில் பட்டு, கண்ணைக் குத்தும். உப்புத் தண்ணீரில் நின்று காலும் வெடிக்கும். ஆகவே, விடியற்காலை 3:00, 4:00 மணிக்கே டார்ச் லைட்டோடு புறப்பட்டு விடுவர். ஜனவரியில் இருந்து செப்டம்பர் வரை, மழை வரும் வரைக்கும் இது தான் கதை. பிள்ளைகள் தாங்களே எழுந்து, பழையதோ, இட்லியோ சாப்பிட்டு, பள்ளிக்குப் போக வேண்டும். தாய்மார்கள் மதியம் வந்து சமைத்து, துணி துவைத்து, ராத்திரி 8:00 மணிக்கெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூங்கி விடுவர். தூங்கப் போகும் தாயின் தலைமாட்டில் இருக்கும் போன், ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கைக்குப் போய் விடும். விடியற்காலை அலாரம் அடிக்கும் போது தான் திரும்பி வரும்.

டவுனில் இருப்பவர்கள், 'பிள்ளையைக் கண்காணியுங்கள்' என்று லேசாகச் சொல்லி விடுகின்றனர். 3:00 மணிக்கு எழுந்திருக்க வேண்டியவள், 12:00 மணி வரை கண்காணிப்பது எப்படி?

இந்தப் போன் எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதையும் மறந்து விடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளைப் பூட்டினர். என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது, 2021 நவம்பர், 1ல் தான். இரண்டாம் வகுப்பில் பையைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்கு வந்தவன், நான்காம் வகுப்பில் போய் உட்கார்ந்தான்! நடுவில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால், பாடம் அனுப்ப, படம் பிடித்து அனுப்ப, போன் வேண்டும் என்றனர். தோடு அடகு வைத்து போன் வாங்கிய வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு. பாடம் ஒரு மணி நேரம். மீதி, 23 மணி நேரமும் போன் சும்மாவா இருக்கும்?

அந்தச் சமயத்தில் தான், 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை, 2021 அக்டோபர், 27ல், எங்கள் பக்கத்து ஊரான முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் துவக்கி வைத்தார். தமிழகம் முழுவதுக்குமான திட்டம், எங்கள் மரக்காணம் பக்கத்தில் துவங்கியது என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. படித்த பெண்கள் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய 20 பிள்ளைகளை உட்கார வைத்து, கதையும் பாட்டுமாகச் சொல்லிக் கொடுத்தனர். மாதம், 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. என் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததே அங்கே தான். இதில் எனக்குப் புரிந்தது ஒன்று தான்... சாயங்காலம் ஐந்தில் இருந்து ஏழு வரைக்கும், பிள்ளைகளைக் கூப்பிட ஒரு அக்காவும், உட்கார ஒரு திண்ணையும் இருந்த போது, ஒரு பிள்ளையும் போனைத் தேடவில்லை.

இனி, அந்த விளையாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வீடியோ கேமே தெரியாத பழைய பஞ்சாங்கம் இல்லை. சின்ன வயசில், என் தம்பி திண்டிவனத்தில் வாங்கி வந்த 'பிரிக் கேம்' பெட்டியில், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவதில், வீட்டிலேயே நான் தான் முதல் ஆள். ரஷ்யாக்காரர் அலெக்சி பஜித்னோவ் என்பவர், 1984ல் மாஸ்கோவில் உருவாக்கிய 'டெட்ரிஸ்' என்ற ஆட்டத்தின் நகல் அது என்பது, பின்னாளில் தம்பி சொல்லித் தான் தெரியும். அப்பா கூப்பிட்டால், ஒரு பட்டனை அழுத்தி நிறுத்தி விட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, திரும்ப வந்து விட்ட இடத்தில் இருந்து ஆடலாம். பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. புது பேட்டரிக்கு அப்பாவிடம் காசு கேட்கத் தைரியம் வராது.

என் மகன் விளையாடுவது வேறு மாதிரி. கூப்பிட்டால் வரவே மாட்டான்.

'டேய், சாப்பிட வாடா...'

'இதோம்மா...'

'டேய், ஆறிப் போகுதுடா...'

'ஒரே நிமிஷம்மா!'

அந்த, 'ஒரே நிமிஷம்' கால் மணி நேரமாகும். என் வீட்டுக்காரர் போய்ப் பிடுங்குவார். பிள்ளை கத்துவான், அழுவான், ஒரு தடவை சோற்றுத் தட்டைத் தள்ளி விட்டான். 'வளர்ப்பு சரியில்லை' என்று அவர் என்னைப் பார்ப்பார். நான் மாமியாரைப் பார்ப்பேன்!

இப்படி ஒரு நாள் சண்டை முடிந்து, அவர் வேலைக்குப் போன பின், 'என்னதான்டா இருக்கு இதுல, எனக்கும் சொல்லிக் குடு' என்று மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு, முகமெல்லாம் பல்லாகச் சொல்லிக் கொடுத்தான்.

ஒரு தீவு. அதில் ஐம்பது பேர் வானத்தில் இருந்து குதிக்கின்றனர். வேறு சில கேம்களில் நூறு பேராம். எல்லாரும் நிஜ ஆட்கள். எங்கெங்கோ ஊர்களில், தங்கள் வீட்டில் உட்கார்ந்து விளையாடுபவர்கள். துப்பாக்கி தேடி எடுத்து, ஒருவரை ஒருவர் சுட வேண்டும். தீவில் நிற்கக் கூடிய இடம் சுருங்கிக் கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். நான்கு பேர் ஒரு அணி. அடிபட்டு விழுந்த கூட்டாளியை, மற்றவர் போய்த் தூக்கி விட வேண்டும். ஓர் ஆட்டம், பத்து நிமிஷம் போல ஆகும். நான் விளையாடிய போது, ஒரு வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் செத்துப் போனேன். என் மகன் உருண்டு உருண்டு சிரித்தான்.

அப்போது தான் கேட்டேன்... 'இதை நடுவுல நிறுத்தி வைக்க முடியாதாடா?'

'எப்படிம்மா நிறுத்தறது? மத்தவங்க ஆடிட்டு இருப்பாங்கல்ல... நான் போயிட்டா, என் டீம் தோத்துடும். திட்டுவாங்க. என் ரேங்க்கும் எறங்கிடும்!'

அந்த நிமிஷம் எனக்கு விளங்கி விட்டது. பிள்ளை நம்மை மதிக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். அவனோ, மூன்று பேருக்குக் கொடுத்த வாக்கை விட்டு எப்படி வருவது என்று தவிக்கிறான். இந்த விளையாட்டைச் செய்தவர்கள், அந்தத் தவிப்பை வைத்துத் தான் பிழைப்பு நடத்துகின்றனர். நிறுத்த முடியாத ஆட்டம், தினமும் தலையைக் காட்டினால் ஒரு பரிசு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரேங்க்கை இறக்கி மறுபடி ஏறச் சொல்வது... தீபாவளிச் சீட்டுக் கட்டுகிற நமக்கு, இந்த சூட்சுமம் புரியாமலா போகும்? ஒரு வாரம் விட்டாலும் போட்டதெல்லாம் போய் விடும் என்ற பயம் தான்!

அன்றில் இருந்து, எங்கள் வீட்டில் நிமிஷக் கணக்கு இல்லை. ஆட்டக் கணக்கு தான். பள்ளி நாளில் இரண்டு ஆட்டம். லீவு நாளில் நான்கு. சோறு வடிக்கும் போதே, 'இது தான் கடைசி ஆட்டம்' என்று சொல்லி விடுவேன். அந்த ஆட்டம் முடிந்ததும், போன் என் கைக்கு வந்து விட வேண்டும். விளையாடுவதும் நடு வீட்டில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தான். ஆரம்பத்தில் முரண்டு பிடித்தான். இப்போதும் மாதத்தில் நாலைந்து நாள் சண்டை வரத் தான் செய்கிறது. ஆனால், தட்டு பறப்பது நின்று விட்டது.

நடு வீட்டில் விளையாடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த கேமில் பேசவும் செய்யலாம். ஒரு நாள், 'பாயி... இதர் ஆவோ' என்று மகன் இந்தியில் கத்த, என் மாமியார் அரண்டு போனார். வடநாட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, நாற்பது, ஐம்பது இந்தி வார்த்தை கற்றிருக்கிறான். நல்லது தானே என்று நானும் சிரித்தேன். ஆனால், பக்கத்தில் இருந்து கேட்டுக் கொண்டிருந்ததால் தான், இன்னொன்றும் காதில் விழுந்தது. பெரிய ஆள் குரலில் ஒருவன், 'தம்பி, உனக்கு கிப்ட் அனுப்பறேன். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லு' என்றான். நான் போனை வாங்கி, 'யாருப்பா நீ?' என்றதும், ஆளைக் காணோம். வாசல் கதவைத் தாழ் போட்டு விட்டு நிம்மதியாக இருக்கிறோமே, இந்த வாசலுக்கு யார் தாழ் போடுவது?

படிப்பு விஷயத்திலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், சண்டை கேம் விளையாடுவோருக்குக் கண்ணால் பார்த்துக் கவனிக்கும் திறன் கூடுகிறது என்று, 2003லேயே எழுதியுள்ளனர் என, என் தம்பி சொன்னான். இருக்கலாம். என் மகனுக்கு தெரு, திசை எல்லாம் மேப்பில் பார்த்தால் சட்டென்று புரிகிறது. ஆனால், தமிழ்ப் பாடத்தில் ஒரு பக்கம் முழுதாகப் படிக்கச் சொன்னால், நாலாவது வரியில் கை பரபரக்கிறது. 'சுருக்கமா சொல்லும்மா' என்கிறான். அவன் வகுப்பு ஆசிரியை, 'முதல் பீரியடிலேயே தூங்கி வழியும் பிள்ளைகளை, கை தூக்கச் சொல்லாமலே எனக்குத் தெரியும்' என்று, பெற்றோர் கூட்டத்தில் சொன்ன போது, எங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்து கொண்டனர். படிப்பைக் கெடுப்பது, கேமை விட, கேம் தின்று விடுகிற தூக்கம் என்பது என் எண்ணம்.

'கேம் எல்லாத்தையும் தான் கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்களே' என்று, எங்கள் தெருவில் பலர் நினைத்துக் கொண்டிருக்கின்றனர். விவரம் இது தான்: 2020 செப்டம்பர், 2ல், 'பப்ஜி' உட்பட, 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதே கேம், வேறு பெயரில், 2021ல் திரும்ப வந்தது. 'பிரீ பயர்' 2022 பிப்ரவரியில் தடையானது. பெயருக்குப் பின்னால், 'மேக்ஸ்' என்று ஒட்டிக் கொண்ட அதன் இன்னொரு வடிவம், அந்தப் பட்டியலில் வரவில்லை. பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற ரம்மி மாதிரி ஆட்டங்கள் வேறு கதை. அவற்றால் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்த பின், 2022ல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. பிறகு, மத்திய அரசின் சட்டத்துக்கு, 2025 ஆகஸ்ட், 22ல் ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். நம் பிள்ளைகள் விளையாடும் துப்பாக்கி கேம், இந்தப் பண ஆட்டக் கணக்கில் வராது. சீனாவில், 2021ல் இருந்து, 18 வயதுக்குக் குறைந்தவர்கள், வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில், ராத்திரி 8:00 மணியில் இருந்து 9:00 மணி வரை தான் ஆன்லைன் கேம் விளையாடலாம் என்று விதி வைத்துள்ளனர். இங்கே அதெல்லாம் நாம் தான் வைத்துக் கொள்ள வேண்டும்.

பண ஆட்டம் இல்லை என்றாலும், பணம் போகாது என்று நினைத்து விடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, உப்பளத்துக்குப் போகும் ஒரு தங்கை, கணவர் இல்லை. மகளிர் குழுவில் வாங்கிய கடன், 20,000 ரூபாயை, வீட்டுக்கு ஓடு மாற்ற வங்கியில் வைத்திருந்தாள். போனில் ரீசார்ஜ் செய்வது, ஸ்கேன் செய்து மளிகைக்குப் பணம் போடுவது எல்லாம் அவள் மகன் தான்; ஏழாம் வகுப்பு. ரகசிய எண் அவனுக்குத் தானே தெரியும்! கேமில் சட்டை, துப்பாக்கிக்குக் கலர் என்று, 80 ரூபாய், 160 ரூபாயாக, நான்கு மாதத்தில், 7,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. அவளுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது. பாஸ் புத்தகத்தில் வரவு செலவு அச்சடித்த அன்று தான் தெரிந்தது.

உப்புக் கூடை தூக்கிக் காய்ந்த கையால் அடித்தாள். பையன் ஓடிப் போய் விட்டான். ராத்திரி முழுக்க, தெருவே டார்ச் லைட்டோடு தேடியது. கால்வாய்க் கரை, கழுவெளிப் பக்கம், பஸ் நிறுத்தம்... எங்கும் இல்லை. 'எம் புள்ள வந்தா போதும்க்கா, பணம் நாசமாப் போவட்டும்க்கா' என்று என் தோளில் சாய்ந்து அவள் அழுதது, இன்னும் காதில் கேட்கிறது. விடியற்காலையில், உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகைக்குள், சாக்கைப் போர்த்திக் கொண்டு படுத்திருந்தவனை, வேலைக்குப் போன பெண்கள் தான் கண்டுபிடித்தனர்.

மறுநாள் நான் அவனை உட்கார வைத்துக் கேட்டேன். 'அந்தச் சட்டை வாங்கி என்னடா பண்ணே?'

'சும்மா இருக்கற சட்டையோட போனா, டீம்ல சேத்துக்க மாட்டாங்க பெரிம்மா. பிச்சக்காரன்னு சொல்லுவாங்க...'

எனக்குப் பேச்சே வரவில்லை. தீபாவளிக்கு ஒரே ஒரு சட்டை எடுக்கிற வீட்டுப் பிள்ளை, இல்லாத ஒரு தீவில், கிழிந்த சட்டையோடு நிற்க வெட்கப்பட்டிருக்கிறான்!

இப்போது அவள் பணத்தை வேறு கணக்கில் மாற்றி விட்டாள். போனில் இருப்பது, மளிகைக்கான சில நூறு ரூபாய் மட்டும் தான். ரகசிய எண்ணை அவளே போடக் கற்றுக் கொடுத்தேன். நான்கு எழுத்தா, ஆறு எழுத்தா என்று பயந்தவள், இரண்டே நாளில் கற்றுக் கொண்டாள். ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வைக்கலாம். தெரியாதவர்கள், கொஞ்சம் படித்த பெண்பிள்ளைகளைக் கேளுங்கள், செய்து தருவர்.

பெண்பிள்ளை என்றதும் இன்னொன்று... என் மகள் ஒரு நாள் கேட்டாள், 'அண்ணனுக்கு மட்டும் ரெண்டு ஆட்டம். எனக்கு ஏம்மா இல்ல?' என்று. எங்கள் தெருவையே எண்ணிப் பார்த்தேன். பையன் கையில் போன் இருந்தால், 'சமத்தா ஒரு எடத்துல ஒக்காந்திருக்கான்' என்கிறோம். பெண்பிள்ளை கையில் இருந்தால், 'யாரோட பேசறே?' என்று கேட்கிறோம். அம்மா உப்பளத்துக்குப் போன வீட்டில், அண்ணன் தீவில் குதித்துக் கொண்டிருப்பான். பத்து வயசுத் தங்கை, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு, தண்ணீர் பிடித்துக் கொண்டிருப்பாள். பிள்ளைகள் விளையாடி விளையாடிக் கெட்டுப் போகின்றனர் என்று பேசும் போது, விளையாடவே நேரமில்லாத பிள்ளைகளும் அதே வீட்டில் தானே இருக்கின்றனர்? என் மகளுக்கும் ஆட்டக் கணக்கு வைத்து விட்டேன். அவள் கேக் செய்யும் கேம் விளையாடுகிறாள். அண்ணன், தண்ணீர் பிடிக்கிறான்.

2024 நவம்பர், 30 ராத்திரி, பெஞ்சல் புயல், புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில், 50 செ.மீ., அளவுக்கு மழை கொட்டியது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். எங்கள் உப்பளமெல்லாம் ஏரியாகி விட்டது. எங்கள் தெருவில் ஐந்தாறு நாள் கரன்ட் இல்லை. இரண்டாம் நாளே போனெல்லாம் செத்துப் போயின. பள்ளியும் லீவு. முதல் நாள், பிள்ளைகள் பேயடித்தது போல உட்கார்ந்திருந்தனர். என் மகன், உயிரில்லாத போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள், என் மாமியார், பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கினார். புளியங்கொட்டையை வைத்து, திண்ணையில் ஆட ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள்! தாயம் வந்தது, பாண்டிக் கட்டம் வந்தது. கேமில் நான்கு பேர் அணியாக விளையாடிப் பழகியவர்கள், முட்டியளவுத் தண்ணீரில், பாட்டிமார்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுத்தனர். 'லெப்ட்ல பள்ளம், ரைட்ல வா' என்று, அதே கேம் பாஷையில் ஒருவருக்கொருவர் கத்திக் கொண்டு போனதைக் கேட்டு, என் வீட்டுக்காரரே சிரித்து விட்டார்.

கரன்ட் வந்த அன்றே, தாயக் கட்டையைத் தூக்கிப் போட்டு விட்டு, எல்லாரும் சார்ஜரைத் தேடிப் போயினர் என்பதையும் சொல்லி விடுகிறேன். புயல் வந்து திருந்தி விட்டனர் என்று கதை விட எனக்குத் தெரியாது.

ஆனால், அடுத்த வாரமே, டிசம்பர், 12ல், நம் சென்னைப் பிள்ளை குகேஷ், 18 வயதில், சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனார். 2022ல், எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த போதே, பள்ளியில் செஸ் போர்டு கொடுத்திருந்தனர். என் மகன், 'செஸ்ஸும் கேம் தானேம்மா? அதை மட்டும் ஒசத்தியா பேசறீங்க. 2023 ஆசிய விளையாட்டுல, வீடியோ கேமுக்கே மெடல் குடுத்தாங்க, தெரியுமா?' என்றான். சீனாவின் ஹாங்சோவில் நடந்தது. அவன் சொன்னது உண்மை தான்.

'சரிடா. உன் கேம்ல நீ சுட்டு விழுந்தவன் யாரு, அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியுமா?' என்றேன்.

யோசித்தான். மறுநாள், பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து வந்து, திண்ணையில் செஸ் போர்டை விரித்தான். அந்த, 7,000 ரூபாய்ப் பையன் தான் அவன். இரண்டு நாளில், அவன் என் மகனைத் தோற்கடித்து விட்டான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

எல்லாப் பிள்ளைகளும் இப்படிச் சுலபமாக வந்து விடுவர் என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம், விளையாட்டு அடிமைத்தனத்தை, நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துள்ளது. 2022 ஜனவரியில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்தவே முடியாமை, சாப்பாடு, படிப்பு, சினேகிதர் எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகி விடுதல், கெடுதல் வந்த பிறகும் விடாமை... இவை, ஒரு வருஷ அளவுக்கு நீடித்தால் தான் நோய் என்கின்றனர். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த அளவுக்குப் போனவர்கள் இல்லை. ஆகவே, எடுத்ததற்கெல்லாம் 'அடிமை, பைத்தியம்' என்று பட்டம் கட்ட வேண்டாம். நிஜமாகவே அப்படி இருந்தால், 14416 என்ற, 'டெலி மானஸ்' எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுகின்றனர். பெங்களூரு, 'நிம்ஹான்ஸ்' மருத்துவமனையில் இதற்கென்றே, 2014ல் இருந்து தனிப் பிரிவு இருக்கிறது. பணம் ஏமாந்தால், 1930.

போனை உடைத்த அந்தச் சகோதரியிடம் எனக்குக் கோபமில்லை. அன்று அவர் எத்தனை மணிக்கு எழுந்திருந்தாரோ, எத்தனை வேலை பார்த்திருந்தாரோ... ஆனால், அவருடைய மகன் அந்த கேமில் யாரோடு விளையாடினான், எதற்காக ராத்திரி எழுந்திருந்தான் என்று, கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. போன் போன பின், அவன் சாயங்காலம் எங்கே போகிறான்? அதை, அவர் மறுபடி எழுதினால், ஆவலோடு படிப்பேன்.

எங்கள் தெருவில், நாங்கள் ஐந்து பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். உப்புக்குப் போகாதவள் நான் தான். அதனால், சாயங்காலம் 6:00 மணியில் இருந்து 8:00 மணி வரை, என் வீட்டுத் திண்ணையில் லைட் எரியும். ஐந்து வீட்டுப் போனும், எங்கள் அரிசி டிரம் மேல் இருக்கும். படிக்கிறவன் படிக்கட்டும், செஸ், தாயம் ஆடுகிறவன் ஆடட்டும், சும்மா சண்டை போட்டாலும் சரி. ராத்திரி போன் தாயின் தலைமாட்டுக்குப் போகாமல், இங்கேயே தங்கி விடும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள், வாசலில் நின்று வாங்கிக் கொண்டு போகின்றனர். அலாரத்துக்கு, ஆளுக்கொரு பழைய கடிகாரம் வாங்கி விட்டோம். விலை, 150 ரூபாய். வாரத்தில் நான்கு நாள் ஒழுங்காக நடக்கிறது. மூன்று நாள், யாராவது ஒருத்தன், 'எங்கம்மா குடுக்க வேணாம்னாங்க' என்று போனை ஒளித்து விடுகிறான். டீக்கும், மின்சாரத்துக்கும் ஆகும் செலவைப் பற்றி, என் வீட்டுக்காரர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வீடு தள்ளி இருக்கும் தங்கைக்கு, குழுக் கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி. ஓடு, அடுத்த மழைக்கு முன் மாற்றி விட வேண்டும் என்று சீட்டுப் போட்டிருக்கிறாள்.